மெசின் பெட்டியின் பின்புறம்

கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று தீவின் தென்கிழக்கைச் சுற்றிக்கொண்டு மட்டக்களப்பில் முடிகிறது ஏ-4 நெடுஞ்சாலை. 430 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். இலங்கையின் ‘ஏ’ தர வீதிகளில் இதுவே நீளமானது. அதன் கடைசிப் பகுதியில், கல்முனையையும் பாண்டிருப்பையும் தாண்டியதும் மருதமுனை வருகிறது. கிழக்கே கடல், மேற்கே வயலும் வாவியும். இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தறிக் கொட்டில்களும் நெருக்கியடித்து நிற்கின்றன. நெடுஞ்சாலைக்கு இங்கே ஊர் வீதி வேலையும் உண்டு. இரவில் கொழும்புக்குப் புறப்படும் சொகுசு பஸ், வட்டை எனும் வயல்வெளிக்குப் போகும் உழவு இயந்திரம், மணல் டிப்பர், குப்பை ஏற்றும் வண்டி, சைக்கிளில் பிள்ளைகள் எல்லாம் இந்த ஒரே தார்ப்பட்டையில்தான்.

போர் ஓய்ந்து, சுனாமியின் இடிபாடுகளும் அகன்றபின் கரையோர வீதி காபட் ஆனது. அதற்கு முன்னர் குழியும் மேடும் சோதனைச் சாவடியும் எல்லா வாகனங்களையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வைத்திருந்தன. காபட் வந்ததும் காரும் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் வேகம் பிடித்தன. ‘மெசின்’ என்று ஊரார் சொல்லும் உழவு இயந்திரம் மட்டும் பழைய 20 கிலோமீற்றரிலேயே நிற்கிறது. அதைவிட வேகமாக ஓட அதனால் முடியாது, முடிந்தாலும் ஓடக் கூடாது. வீதியைப் புதுப்பித்தவர்கள் வேக வாகனங்களை நினைத்துப் போட்டார்கள். அதில் போகும் பொருளாதாரமோ இன்னும் வயலைச் சார்ந்தது. இந்த இடைவெளிக்குள்தான் நம் விபத்துகளில் ஒரு பகுதி நடக்கிறது.

விபத்து நடந்த மறுநாள் தேநீர்க் கடையில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். ஒன்று, “பொடியன் பறந்து வந்திருப்பான்.” மற்றது, “மெசின்காரனுக்கு லைட்டும் இல்ல, லைசனும் இல்ல.” இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் இரண்டுமே ஒரு மனிதனின் குணத்தைப் பற்றிய தீர்ப்புகள். 60இல் வரும் ஒன்றும் 20இல் போகும் ஒன்றும் இருட்டில் சந்திக்கும்போது குணத்தை விடக் கணக்குக்கே அதிக வேலை.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடுகிறது. 20இல் போகும் மெசின் அதே செக்கனில் ஐந்தரை மீற்றர். வித்தியாசம் 11 மீற்றர். தாழ்த்திய லைட்டில், மெசின் இழுத்துப்போகும் விளக்கில்லாத மண்நிறப் பெட்டி ஒன்று 30 மீற்றரில் கண்ணுக்குப் பட்டால் இடைவெளி தீர மூன்று செக்கனும் இல்லை. அது என்னவென்று மூளை புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்கவே ஒன்றரை செக்கன் போய்விடும். மிச்சமிருக்கும் 13 மீற்றரில், காய்ந்த காபட்டாக இருந்தால் ஒருவாறு வேகத்தைக் குறைத்துத் தப்பலாம். மணலோ சேறோ கிடந்தால் தப்ப முடியாது. அந்தப் பெட்டி ஓடாமல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தால் கணக்கு இன்னும் மோசம். 30 மீற்றரும் இரண்டு செக்கனுக்குள் தீர்ந்துவிடும்; பிரேக்கில் கை படும்போது ஐந்து மீற்றர் மிஞ்சியிருக்கும். அதே பெட்டியின் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டி ஒன்று ஒட்டியிருந்து, 150 மீற்றரிலேயே பளிச்சிட்டால் ஓட்டுபவருக்குக் கிடைப்பது 13 செக்கன். பதினெட்டு வயதுப் பொடியன் கூட அதற்குள் நிதானித்துவிடுவான்.

ஆண்டு முழுவதும் இந்த ஆபத்து ஒரே அளவில் இருப்பதில்லை. அதற்கென்று ஒரு பஞ்சாங்கம் உண்டு. பெரும்போகத்துக்கு ஐப்பசி, கார்த்திகையில் உழவும் விதைப்பும். அப்போது வட்டையிலிருந்து ஏறிவரும் சில்லுகள் சேற்றைக் கட்டிகட்டியாக வீதியில் உதிர்க்கும். ஒரு தூறல் விழுந்தால் அந்த இடம் எண்ணெய் ஊற்றியதுபோல் வழுக்கும். தை பிற்பகுதி முதல் பங்குனி வரை வேளாண்மை வெட்டு. நெல் மூடை ஏற்றிய பெட்டிகள், வைக்கல் பெட்டிகள், வெட்டுமெசினைச் சுமந்துகொண்டு வெளிமாவட்டங்களிலிருந்து வரும் லொறிகள் என்று சம்மாந்துறை, சவளக்கடை, நாவிதன்வெளிப் பக்கமிருந்து கரைக்கு வரும் எல்லா வீதிகளும் நிரம்பும். ஆடி, ஆவணியில் சிறுபோக வெட்டு. அப்போதும் இதே கதை, சற்றுக் குறைவாக.

இந்தச் சில ஆண்டுகளில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து நகர்ந்து இப்போது மாசி, பங்குனியில் வருகிறது. பெரும்போக வெட்டும் நோன்பும் ஒன்றாகிவிட்டன. வட்டையில் வேலை முடித்த மெசின்கள் ஊருக்குத் திரும்புவது சூரியன் மறையும் மஃரிப் நேரத்தை ஒட்டி. நோன்பு திறக்க வீட்டுக்குப் பறப்பவர்களும் அதே நேரத்தில்தான் வீதியில். ஒரு கையில் கஞ்சிப் பாத்திரம், வயிறு காலி, தண்ணீர் குடிக்காத களைப்பு, பாங்குக்கு இன்னும் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் இருட்டு இன்னும் முழுதாக இறங்கியிருக்காது. லைட் போடலாமா வேண்டாமா என்று பாதிப்பேர் யோசித்துக்கொண்டிருப்பார்கள். விளக்கில்லாத பெட்டி மிக மோசமாக மறைவது நள்ளிரவில் கூட இல்லை, இந்த மங்கலில்தான். எதிரே வரும் பஸ் டிம் அடிக்காமல் வந்தால், அந்த வெளிச்சத்துக்கும் நமக்கும் நடுவே என்ன இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

அந்தப் பெட்டியைச் சற்றுக் கிட்ட நின்று பாருங்கள். மெசின் மெசி பெர்குசனாகவோ சென்னையில் செய்யப்படும் டஃபேயாகவோ இருக்கும்; அதற்குத் தொழிற்சாலையிலேயே விளக்குகள் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். பெட்டி அப்படியல்ல. அதில் பெரும்பாலானவை ஊர் வெல்டிங் கடையில் உருவானவை. செய்தபோது பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு இருந்திருக்கலாம். முதல் போகத்தில் மண் கொட்டும்போது பின்கதவு விழுந்து ஒன்றை உடைக்கும். இரண்டாம் போகத்தில் வயர் அறும். மெசினிலிருந்து பெட்டியைக் கழற்றும்போதெல்லாம் வயரையும் கழற்ற வேண்டும். அவசரத்தில் யாரும் திரும்பப் பூட்டுவதில்லை. பிறகு பின்பலகை முழுவதும் காய்ந்த சேறு, அதன் மேல் வைக்கல் தொங்கும். இலக்கத் தகடு இருக்கும் இடத்தை ஊகித்துத்தான் அறிய வேண்டும். பெட்டியின் பின்விளிம்பு ஒரு மோட்டார் சைக்கிள்காரரின் நெஞ்சுயரத்தில் இருக்கிறது. கீழே வெறும் வெளி. மோதுபவரின் முன்சில்லு உள்ளே நுழைந்துவிடும். ஆளின் மேல் உடம்பைத்தான் இரும்பு தடுக்கும்.

அமெரிக்காவில் 1967 யூன் 29 அன்று நடிகை ஜெய்ன் மான்ஸ்ஃபீல்ட் இறந்தது இப்படியொரு மோதலில்தான். அவர் சென்ற கார், முன்னால் மெதுவாகப் போன பாரவூர்தியின் பின்புறத்துக்கு அடியில் புகுந்தது. பாரவூர்திகளின் பின்னால் தாழ்வாகப் பொருத்தும் தடுப்புக் கம்பியை அங்கே இன்றும் அவர் பெயரால் அழைப்பவர்கள் உண்டு. நம் பெட்டிகளுக்கு அப்படியொரு கம்பி வெல்டிங் கடைக்கு ஒரு மணி நேர வேலை.

வேக வித்தியாசம்தான் சிக்கல் என்ற எண்ணம் புதியதல்ல. அமெரிக்க வீதித் திணைக்கள ஆய்வாளர் டேவிட் சொலமன் 1964இல் வெளியிட்ட ஆய்வு, சராசரி வேகத்திலிருந்து எவ்வளவு விலகுகிறோமோ அவ்வளவு ஆபத்து என்று காட்டியது. மிக வேகமாகப் போகிறவருக்கும் மிக மெதுவாகப் போகிறவருக்கும் அது பொருந்தியது. பின்னால் வந்தவர்கள் அதைக் குறை சொன்னார்கள். மெதுவாகப் போனதாக அவர் கணக்கெடுத்தவற்றில் பல, திரும்புவதற்காகவோ நிற்பதற்காகவோ வேகம் குறைத்த வாகனங்கள் என்றார்கள். குறை நியாயமானது. ஆனால் நம் ஊருக்கு அந்தக் குறைதான் முக்கியமான செய்தி. மெசின் நேராகப் போகும்போது அதைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. அது வட்டை ரோட்டுக்குத் திரும்பும் கணத்தில்தான் உயிர் போகிறது.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் விவசாயப் பொறியியலாளர் கென் ஹார்க்னஸ் 1960களின் தொடக்கத்தில் இதே பிரச்சினையை எடுத்துக்கொண்டார். உழவு இயந்திரத்தை வேகமாக ஓட்ட வைக்க முடியாது. அது மெதுவாகப் போகிறது என்பதைப் பின்னால் வருபவருக்குத் தூரத்திலேயே எப்படிச் சொல்வது? அவருடைய குழு கொண்டுவந்தது ஒரு முக்கோணம். பகலில் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் நடு, இரவில் லைட் பட்டால் ஒளிரும் சிவப்பு விளிம்பு. மணிக்கு 40 கிலோமீற்றருக்குக் கீழ் ஓடும் வாகனங்களின் பின்னால் அது மாட்டப்பட வேண்டும் என்று அமெரிக்க மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் செய்தன. குதிரை வண்டியில் போகும் ஆமிஷ் கிறிஸ்தவர்களில் மிகக் கடும்போக்கான ஒரு பிரிவினர், பகட்டான நிறமும் உலகியல் சின்னமும் தங்கள் மார்க்கத்துக்கு ஒவ்வாது என்று மறுத்தார்கள். மினசோட்டாவில் வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1990இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது: வெள்ளை ஒளிப்பட்டியும் விளக்கும் போதும். சின்னத்தின் மீது பிடிவாதம் பிடிக்காமல், தெரிய வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதம் பிடித்த தீர்ப்பு. நமக்கும் அந்த அளவு போதும்.

ஒளிப்பட்டிக்கு என்ன பலன் என்பதற்கும் அளவு இருக்கிறது. 1993 டிசம்பர் முதல் அமெரிக்காவில் தயாராகும் கனரகப் பின்னிணைப்பு வண்டிகளுக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் ஒளிப்பட்டி கட்டாயமானது. அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 2001இல் கணக்கெடுத்தபோது, இருட்டு, மங்கல் வேளைகளில் அவற்றின் பின்னாலும் பக்கத்திலும் வந்து மோதும் விபத்துகள் 29 வீதம் குறைந்திருந்தன. தெருவிளக்கே இல்லாத இடங்களில் 41 வீதம். ஒட்டும் பட்டி ஒன்றுக்கு இவ்வளவு பலன் என்றால், வீதிப் பாதுகாப்பில் இதைவிட மலிவான பண்டம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. கிட்டங்கிப் பக்கம் இரவில் படுத்துக் கிடக்கும் கட்டாக்காலி மாடுகளின் கொம்புக்கும் ஒட்டிவிடலாம் என்று ஒரு நண்பர் வேடிக்கையாகச் சொல்வார். அவர் மோட்டார் சைக்கிள்காரர். முழுதும் வேடிக்கை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி பின்னால் வருபவர் பக்கம். மெசினைத் தாண்டும்போது நம்மவர் செய்வதில் எது சரி, எது பிழை?

முதலாவது, சாரதிக்கு நீங்கள் வருவது தெரியாது. இரண்டு சில்லு லேண்ட்மாஸ்டரானாலும் நாலு சில்லு மெசினானாலும் அதன் இரைச்சலில் ஹோர்ன் சத்தம் அமிழ்ந்துபோகும். வைக்கல் ஏற்றியிருந்தால் பின்பக்கம் சுவர். நற்பிட்டிமுனைப் பக்கம் ஒரு சாரதி சொன்னார்: “கண்ணாடியப் பாத்தா வைக்கல்தான் தெரியும் காக்கா. பின்னால வாறவன அல்லாஹ்தான் பாக்கணும்.” அவர் அலட்சியத்தில் சொல்லவில்லை. உண்மையை அப்படியே சொன்னார். ஆகவே ‘நான் ஹோர்ன் அடித்தேனே’ என்பது ஒரு காப்புறுதியும் அல்ல.

இரண்டாவது, அது வலப்பக்கம் திரும்பப் போகிறதா என்று பார்க்க வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், தாண்டுவது வலப்பக்கமாக. வட்டை ரோட்டுக்கோ களத்துக்கோ வலப்பக்கம் திரும்பும் மெசின், நீளமான பெட்டி வளைவதற்கு இடம் வேண்டும் என்று முதலில் சற்று இடப்பக்கம் ஒதுங்கும். பின்னால் வருபவர், “ஆ, நமக்கு இடம் விடுகிறான்” என்று நினைத்து முறுக்குவார். அதே கணத்தில் மெசின் குறுக்கே வரும். சாரதி கையைக் காட்டியிருப்பார். ஆனால் அந்தக் கை வைக்கலின் முன்னால். ஆகவே மேற்கே ஒரு ரோட்டு பிரியும் இடத்தில், ஒரு களத்தின் வாசலில், நெல் ஆலையின் கேற்றடியில் மெசினைத் தாண்டாமல் பின்னால் நிற்பதே நல்லது. இந்த ஊர்க்காரருக்கு எந்த மெசின் எந்த ரோட்டில் திரும்பும் என்று ஏறக்குறையத் தெரியும். வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

மூன்றாவது, தாண்டுவதற்குத் தேவையான வெளியை நாம் குறைவாகவே மதிப்பிடுகிறோம். 20இல் போகும் மெசினையும் பெட்டியையும் 50இல் தாண்ட, பத்து மீற்றர் பின்னாலிருந்து பத்து மீற்றர் முன்னால் வரை போக, மூன்றரைச் செக்கனுக்கு மேல் வேண்டும். அதற்குள் நீங்கள் 50 மீற்றர் ஓடியிருப்பீர்கள். எதிரே 60இல் வரும் பஸ் 60 மீற்றர் கிட்டே வந்திருக்கும். 110 மீற்றர் வெறும் வீதி கண்ணுக்குத் தெரியாமல் தாண்டுவது கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவதுதான். வைக்கல் பெட்டியின் வாலில் ஒட்டிக்கொண்டு ஓடினால் அந்த 110 மீற்றர் ஒருபோதும் தெரியப் போவதில்லை. பின்னால் விலகி நின்றால்தான் முன்னால் தெரியும்.

டிப்பரும் பஸ்ஸும் வேறு இனம். அவை மெதுவானவை அல்ல, பெரியவை. அவற்றோடு பழகும் முறையும் வேறு. உயரமான இருக்கையில் அமர்ந்திருக்கும் சாரதிக்குத் தன் முன்பம்பருக்கு நேர் கீழே நிற்கும் சிறுவனைத் தெரியாது. இடப்பக்கக் கதவுக்குக் கீழே நிற்கும் சைக்கிளும் தெரியாது. நீண்ட வாகனம் இடப்பக்கம் திரும்பும்போது முன்சில்லு போன பாதையில் பின்சில்லு வராது, உள்ளே வெட்டி வரும். சந்தியில் பஸ் நிற்கும்போது அதன் இடப்பக்க இடுக்கில் சைக்கிளை நுழைத்து ஒரு காலை ஊன்றி நிற்கும் பிள்ளை, பின்சில்லின் பாதையில் நிற்கிறது. அல்-மனார், ஷம்ஸ் பாடசாலைகள் விடும் நேரத்தில் பிரதான வீதியில் ஒரு கால்மணி நேரம் நின்று பாருங்கள், இந்தக் காட்சி கிடைக்கும். சாரதியின் முகம் உனக்குத் தெரிகிறதா, கண்ணாடியிலாவது தெரிகிறதா என்று பார். தெரியாவிட்டால் அவருக்கும் நீ தெரிய மாட்டாய். பாடசாலையில் சொல்லித்தர வேண்டியது இவ்வளவே, அதற்கு ஒரு காலைக்கூட்டம் போதும்.

இதைச் சிறுவர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது என்று லண்டன் முடிவெடுத்தது. அங்கே லொறிகளால் சைக்கிள்காரர்கள் நசுங்கிச் சாவது தொடர்ந்தபோது, சாரதியின் இருக்கையிலிருந்து வெளியே நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்பதற்கு நட்சத்திரக் கணக்கு வைத்தார்கள். 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகள் 2021 மார்ச் முதல் அதற்கான அனுமதி இல்லாமல் நகருக்குள் ஓட முடியாது. 2024 ஒக்டோபரில் விதி மேலும் இறுகியது. கல்முனையில் லண்டன் விதி வேண்டும் என்று நான் கேட்கப் போவதில்லை. ஒரு டிப்பரின் இடப்பக்கக் கண்ணாடி உடையாமல், சரியான கோணத்தில் இருக்கிறதா என்று சாவடியில் பார்த்தாலே பெரிய காரியம். அலங்காரப் பட்டியும் குஞ்சமும் தொங்கும் கண்ணாடிகளே அதிகம் கண்ணில் படுகின்றன.

பழுதாகி நிற்கும் லொறி, நெல் காயும் வீதி ஆகிய இரண்டையும் சேர்த்தே சொல்லலாம், ஏனெனில் இரண்டிலும் பழி ஒரு கல்லின் மேல் விழுகிறது. லொறி பழுதானால் பின்சில்லுக்குக் கல் வைப்பார்கள், பின்னால் மரக்கிளை ஒன்று போடுவார்கள். திருத்தி முடித்து லொறி போய்விடும். கல் அங்கேயே இருக்கும். வெட்டுக் காலத்தில் காபட் வீதியின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பி, வாகனம் ஏறாமல் ஓரத்தில் செங்கல்லும் தென்னை மட்டையும் அடுக்குவார்கள். ஈரநெல்லை ஆலைக்காரர் விலை குறைத்துத்தான் எடுப்பார். காயவைக்கும் தளம் எல்லாருக்கும் இல்லை. விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன். மாலையில் நெல்லை அள்ளும் கை அந்தக் கற்களையும் அள்ளினால் என்ன என்பதுதான் கேள்வி. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று ஜும்ஆவில் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. அந்த பயானில் இனிமேல் முள்ளுக்குப் பதிலாக லொறிக்காரர் விட்டுப்போன கல்லை உதாரணம் காட்டலாம்.

மெதுவான வாகனத்துக்கு இன்னொரு முகம் உண்டு. மாரி இறங்கி, கிட்டங்கித் தாம்போதியின் மேலாலும் மாவடிப்பள்ளி வீதியின் மேலாலும் வெள்ளம் பாயும்போது பஸ்ஸும் காரும் நின்றுவிடும். மெசின் மட்டும் போகும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், பரீட்சைக்குப் போகிறவர், பால் கொண்டு போகிறவர் எல்லாரும் பெட்டியில் ஏறுவார்கள். மெசின் எதையும் தாண்டும் என்ற நம்பிக்கை அப்படி ஊறிப்போனது. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மாவடிப்பள்ளியில், மத்ரஸாவிலிருந்து ஊர் திரும்பிய மாணவர்களை ஏற்றிச் சென்ற மெசினை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. சிலர் மீட்கப்பட்டார்கள். பலர் ஜனாஸாக்களாகவே திரும்பினார்கள், சில நாள் தேடலுக்குப் பிறகு. அந்த வாரம் கரையோர ஊர்கள் எல்லாவற்றிலும் பேச்சு வேறெதுவும் இல்லை.

ஏன் அப்படி நடக்கிறது? மெசினின் பெரிய சில்லு ஆழத்துக்குச் செய்யப்பட்டது, ஓட்டத்துக்கு அல்ல. வயலில் தேங்கிய தண்ணீர் நிற்கும் தண்ணீர். தாம்போதியில் பாய்வது தள்ளும் தண்ணீர். அரை மீற்றருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்தில் வேகமாகப் பாயும் வெள்ளம் பெரிய ஜீப்பையே நகர்த்தும் என்பது வெள்ள எச்சரிக்கைகளில் வழமையாகச் சொல்லப்படும் அளவு. பெட்டியின் பக்கப்பலகை அந்த ஓட்டத்துக்கு நேர் குறுக்கே நிற்கும் அகலமான தகடு. தண்ணீர் அடிப்பலகையைத் தொட்டதும் பெட்டி சற்று மிதக்கவும் தொடங்கும். டயரின் பிடி குறையும். பெட்டி முதலில் பக்கமாக வழுகும், பிறகு கொழுக்கியால் மெசினையும் இழுக்கும். வீதி விளிம்பு எது, அரித்துப்போன இடம் எது என்று மேலே நின்று பார்த்துத் தெரியாது. மெசின் ஓட்டத் தெரிந்தவருக்கும் இதில் எதையும் கையால் சரிசெய்ய முடியாது. தாம்போதியின் இருமுனையிலும் ஆழக்கட்டை நட்டு, ஒரு சிவப்புக் கோட்டுக்கு மேல் தண்ணீர் ஏறினால் எந்தச் சில்லும் போகக்கூடாது என்று மறிப்பதுதான் வழி. மறிக்க ஆள் நிற்க வேண்டும். தாம்போதியை உயர்த்திப் பாலமாக்குவது அதைவிட நல்லது. கிட்டங்கிக்கு அந்தக் கோரிக்கை எத்தனை தேர்தல்களைக் கண்டிருக்கிறது என்பது இப்பகுதி வாக்காளர்களுக்குத் தெரியும்.

பரிகாரம் என்று பலவும் சொல்லப்படுகின்றன. மெசினைப் பிரதான வீதியிலிருந்தே தடைசெய்ய வேண்டும் என்பார்கள். அப்படித் தடைசெய்தால் கரைக்கும் வட்டைக்கும் இடையே வேறு எந்த வழியில் நெல் வருவது என்று அவர்கள் சொல்வதில்லை. மெதுவானதையும் வேகமானதையும், பாரமானதையும் இலேசானதையும் பிரித்து வைப்பதே பாதுகாப்பு என்பது ஒல்லாந்தரின் கொள்கை. 1990களிலிருந்து அவர்கள் வீதிகளை அப்படியே அமைத்து வருகிறார்கள். அங்கே பிரிக்க நிலம் இருந்தது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே வளவுக்கு வளவு சுவர் முட்டும் ஊரில் இரண்டாவது நெடுஞ்சாலைக்கு யார் நிலம் கொடுப்பது? பாடசாலை விடும் நேரத்தில் மட்டும் டிப்பரையும் மெசினையும் நிறுத்திவைக்கலாம் என்ற யோசனை நடக்கக்கூடியது, ஆனால் மங்கல் நேரத்துக்கு அது உதவாது.

தண்டத்தைக் கூட்ட வேண்டும் என்பது அடுத்தது. சட்டம் இல்லாமல் இல்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் திருத்தங்களும் விளக்கையும் பதிவையும் கேட்கின்றன. இரண்டு சில்லு மெசினுக்கு ஜி1, நாலு சில்லு மெசினுக்கு ஜி என்று சாரதி அனுமதிப்பத்திரத்தில் தனி வகுப்பே இருக்கிறது. 2025 தொடக்கத்தில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ வேலைத்திட்டத்தோடு பொலிஸார் இறங்கி, பஸ்களிலும் ஆட்டோக்களிலும் கூடுதலாகப் பூட்டிய அலங்கார விளக்குகளைக் கழற்ற வைத்தார்கள். கூடுதல் விளக்குள்ளவர்கள் பிடிபட்டார்கள். விளக்கே இல்லாத பெட்டிகள் அந்தப் பக்கமாகவே ஓடின. பஸ் பிரதான வீதியில் பகலில் கைக்கெட்டும். மெசின் அந்தியில் வட்டை ரோட்டிலிருந்து ஏறி, ஒரு கிலோமீற்றர் ஓடி, மறுபடி இறங்கிவிடும். பிடிப்பதற்கு அங்கே யாரும் நிற்பதில்லை.

ஆகவே இந்தப் பொறுப்பைப் பொலிஸ் சாவடியை விட வட்டைக்கே கொண்டுபோவது நல்லது என்று நினைக்கிறேன். அதற்கான இடம் ஏற்கனவே இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. எப்போது தண்ணீர் திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பை முடிப்பது, மாடுகளை எப்போது வட்டையிலிருந்து வெளியேற்றுவது என்று அங்கே முடிவாகிறது. நீர்ப்பாசன, கமநல அதிகாரிகளும் வட்டவிதானைமாரும் விவசாய அமைப்புக்காரரும் இருப்பார்கள். அங்கே எடுத்த முடிவை மீறுகிறவர் பக்கத்து வயல்காரருக்கே பதில் சொல்ல வேண்டும். பொலிஸைச் சமாளிப்பது அதைவிட எளிது. அந்த முடிவுகளில் ஒரு வரி சேரட்டும்: பின்னால் ஒளிப்பட்டி இல்லாத பெட்டி இந்தப் போகத்தில் எங்கள் வட்டையிலிருந்து நெல் ஏற்றாது.

பட்டியை விவசாய அமைப்பு மொத்தமாக வாங்கி, உரமானியப் பட்டியலில் கையெழுத்து வாங்கும்போதே கொடுத்துவிடலாம். ஒட்டுவதற்கு முன் பலகையைக் கழுவித் துடைக்க வேண்டும், சேற்றின் மேல் ஒட்டினால் இரண்டு நாளில் உரியும். பின்கதவு திறந்து தொங்கும்போது மறையாத இடமாக, இரு ஓரத் தூண்களில் நிமிர்த்தியும் அடிச்சட்டத்தில் குறுக்காகவும் ஒட்ட வேண்டும். வைக்கல் ஏற்றுகிற நாளில் தொங்கும் வைக்கலை அடிச்சட்டத்துக்கு மேலே வெட்டிவிட வேண்டும். நெல் ஆலைக் கேற்றில் தராசுக்கு வரும் பெட்டியின் பின்பக்கத்தை ஆலைக்காரர் ஒருமுறை பார்த்துவிட்டு நிறுவைச் சிட்டையில் அடையாளம் இட்டால், அடுத்த பெரும்போக வெட்டுக்குள் எத்தனை பெட்டி மாறியிருக்கிறது என்று எண்ணிவிடலாம்.